இரண்டாண்டுக் கல்லூரி வழியாக மெக்கட்ரானிக்ஸ் பொறியியல்: கலிபோர்னியாவில் ஒரு மாணவரின் பாதை

2017 ஆகஸ்டில் வட கலிபோர்னியாவில், சமூகக் கல்லூரி எனப்படும் அரசு இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில், இயந்திரவியலையும் மின்னியலையும் நிரலாக்கத்தையும் இணைக்கும் மெக்கட்ரானிக்ஸ் பிரிவில் சேர்ந்த தமிழ் மாணவர் ஒருவர், 2023 மே மாதத்தில் சிக்கோ நகரில் உள்ள கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்கட்ரானிக்ஸ் பொறியியல் இளநிலைப் பட்டம் பெற்றார். கல்லூரியில் இரண்டு ஆண்டு, பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு என நான்கு ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய படிப்புக்கு அவருக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. இத்தனைக்கும் அவர் எந்தப் பாடத்திலும் தவறவில்லை. எந்த செமஸ்டரையும் விட்டுவிடவில்லை. அந்த இரண்டு கூடுதல் ஆண்டுகள் எந்த இடத்தில், எந்த முடிவுகளால் சேர்ந்தன என்பதைக் கண்டறிவதே இந்த ஆய்வின் நோக்கம். அவருடைய அனுமதியுடன் எழுதுகிறேன். அவர் பெயரையும் முதல் கல்லூரியின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். அவர் குடும்பத்தை நான் அறிவேன். பல்கலைக்கழகத்துக்கு மாறுவது பற்றிய பேச்சுகள் சிலவற்றில் உடன் இருந்தேன். அவருடைய மதிப்பெண் பட்டியல்களை முழுமையாகப் பார்த்திருக்கிறேன்.

குடும்பம் கொண்டுவந்த கணக்கு

மாணவர் பத்தாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படித்தவர். அத்தை வழியாகக் குடியேற்ற உரிமை கிடைத்துக் குடும்பத்துடன் கலிபோர்னியா வந்து, அங்கே மேல்நிலைப் பள்ளியை முடித்தார். தந்தை பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமோ படித்தவர்; உணவு பதப்படுத்தும் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பணியில் இருக்கிறார். பெரியப்பாவும் பாலிடெக்னிக் மாணவர்தான், ஆனால் டிப்ளமோவுக்குப் பிறகு நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கையில் பி.இ. படித்துப் பொறியாளர் ஆனவர். ஆகவே இந்தக் குடும்பத்துக்கு ஒரு பாதை நன்றாகத் தெரியும்: முதலில் தொழிற்பிரிவில் டிப்ளமோ, அதே பிரிவில் பட்டப்படிப்புக்குள் நுழைவு, ஓராண்டு மிச்சம். தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது, ஆயிரக்கணக்கான பொறியாளர்களை உருவாக்கியும் இருக்கிறது.

"அங்கே டிப்ளமோ முடிச்சா நேரா செகண்ட் இயர். இங்கே ரெண்டு வருஷம் முடிச்சா நேரா தேர்ட் இயர். அவ்வளவுதானே தம்பி?" என்று தந்தை என்னிடம் கேட்டபோது அவருடைய மகன் ஏற்கெனவே சேர்ந்து ஒரு செமஸ்டர் ஆகியிருந்தது. கேள்வியில் பாதி சரி. இரண்டு ஆண்டு முடித்தால் மூன்றாம் ஆண்டில் நுழையலாம் என்பதுதான் கலிபோர்னிய முறையின் அடிப்படை. ஆனால் தமிழ்நாட்டில் டிப்ளமோவே நுழைவுச்சீட்டு. கலிபோர்னியாவில் படித்த பிரிவின் பெயரைப் பொறியியல் துறை பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியே எடுத்து, தன்னுடைய முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறது. அந்த இளைஞரின் ஆறு ஆண்டுகளும் இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்குகின்றன.

ஒரே கூரையின் கீழ் இரண்டு கல்லூரிகள்

அமெரிக்காவில் இன்றும் இயங்கும் அரசு இரண்டாண்டுக் கல்லூரிகளில் மிகப் பழையது இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் 1901-ல் தொடங்கப்பட்டது. கலிபோர்னியாவில் இவற்றுக்கு உறுதியான இடம் தந்தது 1960-ஆம் ஆண்டின் உயர்கல்வித் திட்டம். ஆராய்ச்சிக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம், தொழில்சார் பட்டப்படிப்புகளுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்கள், எல்லாருக்கும் கதவு திறந்திருக்கும் முதல் படியாகச் சமூகக் கல்லூரிகள் என்று அது பிரித்தது. இன்று அந்த மாநிலத்தில் 116 சமூகக் கல்லூரிகள் உள்ளன. பாடங்களின் அளவை யூனிட் என்ற அலகில் கணக்கிடுகிறார்கள்; கட்டணம் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர். 2012 முதல் அது உயரவில்லை. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அதுவும் தள்ளுபடியாகிவிடும். நம் மாணவருக்கும் தள்ளுபடி கிடைத்தது.

இந்தக் கல்லூரிகளுக்குத் தொடக்கத்திலிருந்தே இரண்டு பொறுப்புகள். ஒன்று, பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுகளைக் குறைந்த செலவில் கற்பிப்பது. மற்றொன்று, உள்ளூர்த் தொழில்களுக்குத் தேர்ந்த தொழில்நுட்பப் பணியாளர்களை உருவாக்குவது. மெக்கட்ரானிக்ஸ் என்ற பெயரில் இரண்டாண்டுக் கல்லூரிகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. 1992-ல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின்கீழ் தேசிய அறிவியல் அறக்கட்டளை இத்தகைய தொழில்நுட்பக் கல்விக்குத் தொடர்ந்து நிதி அளித்துவருகிறது. சீமென்ஸ் நிறுவனம் தன் மெக்கட்ரானிக்ஸ் சான்றிதழின் முதல் இரண்டு நிலைகளைப் பெரும்பாலும் இத்தகைய கல்லூரிகள் வழியாகவே வழங்குகிறது. ஆலைகளில் இந்த ஆட்களுக்கு உண்மையான தேவை இருக்கிறது. இதை இரண்டாம் தரக் கல்வி என்று சொல்வோரோடு நான் முற்றிலும் மாறுபடுகிறேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் தொழில்நுட்பப் பணிக்கான இரண்டாண்டுப் பட்டத்துக்கு ஏ.ஏ.எஸ். என்று தனிப் பெயர் உண்டு. பல்கலைக்கழகத்துக்கு மாறுவோர் படிக்கும் ஏ.எஸ். பட்டத்திலிருந்து அதைப் பார்த்தவுடன் பிரித்துவிடலாம். கலிபோர்னியாவிலோ பெரும்பாலான கல்லூரிகள் இரண்டு வகைக்கும் ஏ.எஸ். என்றே பெயர் தருகின்றன. மெக்கட்ரானிக்ஸ் ஏ.எஸ். என்று கல்லூரிக் கையேட்டில் பார்த்த ஒரு குடும்பம், மெக்கட்ரானிக்ஸ் பி.எஸ். என்ற நான்காண்டு இளநிலைப் படிப்பின் முதல் பாதி இதுதான் என்று நினைப்பதில் வியப்பில்லை.

முதல் ஆண்டில் கற்றது

2017 இலையுதிர், 2018 வசந்தம் ஆகிய இரண்டு செமஸ்டர்களில் அவர் 24 யூனிட் தொழில்நுட்பப் பாடங்களை எடுத்தார்: நேர்மின், மாறுமின் அடிப்படைகள், மோட்டார் கட்டுப்பாடு, காற்றழுத்தத்தாலும் திரவ அழுத்தத்தாலும் இயக்கும் நியூமேட்டிக்ஸும் ஹைட்ராலிக்ஸும், சென்சார்கள், பி.எல்.சி. எனப்படும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினியின் நிரலாக்கம், தொழிற்சாலைப் பாதுகாப்பு, தொழில்நுட்பக் கணிதம். மும்முனை மோட்டாருக்கு, மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டரும் அதிகச் சுமையிலிருந்து காக்கும் ஓவர்லோடு ரிலேயும் இணைப்பது, மின்சுற்றை ஏணி வடிவில் காட்டும் லேடர் வரைபடத்தைப் படித்து எந்தத் தொடர்பு திறந்திருக்கிறது என்று மீட்டரால் கண்டுபிடிப்பது, பழுது பார்க்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டும் சீட்டும் மாட்டுவது ஆகியவற்றை அவர் கைபழகக் கற்றார். இரண்டாம் செமஸ்டரின் முடிவில், சிறு கன்வேயர் ஒன்றில் பொருள்களை உயரத்தைக் கொண்டு பிரித்துத் தள்ளும் ஓர் அமைப்பை, ஒளிமின் சென்சாரும் காற்றழுத்த சிலிண்டரும் பி.எல்.சி.யும் கொண்டு தானே கட்டி இயக்கிக் காட்டினார். நான் அதைப் பார்த்தேன். நான்காண்டுப் பொறியியல் படிப்பின் இரண்டாம் ஆண்டு மாணவர்களில் பலரால் அதைச் செய்ய முடியாது.

கணிதம் மட்டும் வேறு கதை. தொழில்நுட்பக் கணிதத்தில் விகிதம், அலகு மாற்றம், செங்கோண முக்கோணத்தின் முக்கோணவியல், சூத்திரங்களில் மதிப்பிட்டு விடை காண்பது ஆகியவை இருந்தன. பராமரிப்புப் பணிக்கு அது போதும். நுண்கணிதம் இல்லை, நுண்கணிதத்துக்குத் தேவையான முன்தயாரிப்பும் இல்லை. நாடு மாறி வந்ததில் பள்ளியிலும் அவர் இரண்டாம் நிலை இயற்கணிதத்தோடு நின்றிருந்தார்.

அசிஸ்ட் காட்டிய பட்டியல்

கலிபோர்னியாவில் எந்தச் சமூகக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடாகும் என்பதற்கு அரசு சார்ந்த அதிகாரபூர்வமான பதிவேடு ஒன்று உண்டு; அசிஸ்ட் என்பது அதன் பெயர். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலப்பக்கம் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம் என்று இரண்டு பத்திகளாக அது இருக்கும். 2018 மார்ச்சில், தன் கல்லூரியையும் சிக்கோவின் மெக்கட்ரானிக்ஸ் பொறியியலையும் தேர்ந்தெடுத்து அவர் முதன்முறையாக அந்தப் பட்டியலைத் திறந்தார். நுண்கணிதத் தொடர், வகைக்கெழுச் சமன்பாடுகள், நுண்கணித அடிப்படையிலான இயற்பியல் இரண்டு பாடங்கள், வேதியியல், நிலையியல், மின்சுற்றுகள், பொருளறிவியல், நிரலாக்கம், இரும எண் சுற்றுகளை வடிவமைக்கும் டிஜிட்டல் லாஜிக் என்று அது நீண்டது. அவர் அதுவரை படித்த 24 யூனிட்டில் ஒன்றுகூட வலப்பக்கத்தில் இல்லை.

இதை அநீதி என்று எடுத்துக்கொள்ள முதலில் எல்லாருக்கும் தோன்றும்; தந்தைக்கும் தோன்றியது. ஆனால் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் பொறியியல் பட்டங்களை அங்கீகரிக்கும் ஏபெட் அமைப்பின் பொறியியல் ஆணையம், கணிதமும் அடிப்படை அறிவியலும் சேர்ந்து குறைந்தது 30 செமஸ்டர் கிரெடிட் (யூனிட் போன்றதே), பொறியியல் பாடங்கள் குறைந்தது 45 செமஸ்டர் கிரெடிட் என்று வரையறுக்கிறது. அந்தக் கணிதம் நுண்கணித அளவிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பொறியியல் பாடங்கள் அந்தக் கணிதத்தின் மேல் நிற்க வேண்டும். மோட்டார் கட்டுப்பாட்டுப் பாடத்தில் 100-க்கு 98 வாங்கியவரும் மாறுமின் சுற்றைச் சிக்கலெண்களால் தீர்க்கத் தெரியாமல் மூன்றாம் ஆண்டு மின்னியக்கிப் பாடத்தில் உட்கார முடியாது. இரண்டு பாடங்களும் ஒரே கருவியைப் பற்றிப் பேசுகின்றன, ஆனால் கேட்கும் கேள்விகள் வேறு.

தொழில்நுட்பப் பாடங்கள் பொதுவான விருப்பப் பாடங்களாகவாவது கணக்கில் வருமா என்று பார்த்தோம். மாநிலப் பல்கலைக்கழகங்கள் சமூகக் கல்லூரியிலிருந்து அதிகபட்சம் 70 செமஸ்டர் யூனிட்டை ஏற்கும். பொறியியலுக்கான தயாரிப்பும், எல்லாப் பிரிவினருக்கும் கட்டாயமான பொதுக்கல்விப் பாடங்களும் மட்டுமே அவருக்கு 64 யூனிட் ஆயின. ஆகவே 24-ல் அதிகபட்சம் 6 யூனிட் எண்ணிக்கையில் சேரும். அவையும் பட்டத்துக்குத் தேவையான எந்தப் பாடத்தையும் குறைக்கா.

சங்கிலியும் ஒரு கோடைக்காலமும்

இந்த ஆய்வில் நான் மிகுதியாக நேரம் செலவிட்டது இந்தப் பகுதியில்தான், ஏனென்றால் அவரும் அவர் தந்தையும் நானும் நீண்ட காலம் நம்பியிருந்த விளக்கம் இங்கே உடைந்தது. தொழில்நுட்பப் பிரிவில் ஓராண்டு வீணாயிற்று, அதனால் பட்டம் ஓராண்டு தள்ளிப்போயிற்று என்பதே எங்கள் எண்ணமாக இருந்தது. மதிப்பெண் பட்டியல்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது முழு உண்மையல்ல.

பொறியியலின் முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு சங்கிலி. நுண்கணிதத்துக்குத் தயார்செய்யும் முன்நுண்கணிதம் முடிந்தால்தான் நுண்கணிதம் ஒன்று. அது முடிந்தால்தான் இயக்கவியல் சார்ந்த முதல் இயற்பியல். அதுவும் நுண்கணிதம் இரண்டும் முடிந்தால்தான் மின்காந்தவியல். மின்காந்தவியல் முடிந்தால்தான் மின்சுற்றுப் பாடம். அதோடு வகைக்கெழுச் சமன்பாடுகளை முன்போ உடனோ படித்திருக்க வேண்டும். அவருடைய கல்லூரியில் மின்சுற்றுப் பாடம் ஆண்டுக்கு ஒருமுறை, வசந்த செமஸ்டரில் மட்டுமே நடக்கும். சிறிய கல்லூரிகளில் இது வழக்கம். இருபது மாணவர்கூடச் சேராத பாடத்தை ஆண்டுக்கு இருமுறை நடத்த அவற்றால் இயலாது.

அவர் முன்நுண்கணிதத்தை 2018 கோடையில் படித்தார். 2018 இலையுதிரில் நுண்கணிதம் ஒன்று, வேதியியல், ஆங்கிலம். 2019 வசந்தத்தில் நுண்கணிதம் இரண்டு, முதல் இயற்பியல், நிரலாக்கம், திறனாய்வுச் சிந்தனை. கோடையில் பேச்சுக்கலையும் வரலாறும். 2019 இலையுதிரில் நுண்கணிதம் மூன்று, மின்காந்தவியல், நிலையியல், பொருளறிவியல். 2020 வசந்தத்தில் வகைக்கெழுச் சமன்பாடுகள், மின்சுற்று, மற்றொரு பொதுக்கல்விப் பாடம். அந்த இலையுதிரிலேயே சிக்கோ. முதல் பாடத்தைத் தொடங்கிய நாளிலிருந்து இரண்டு கல்வியாண்டும் இரண்டு கோடையும்தான். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவர் தொழில்நுட்பப் பிரிவின் பக்கமே போகாமல், 2017 இலையுதிரில் முன்நுண்கணிதத்தோடு தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2018 வசந்தத்தில் நுண்கணிதம் ஒன்று, இலையுதிரில் முதல் இயற்பியல், 2019 வசந்தத்தில் மின்காந்தவியல். அதே செமஸ்டரில் மின்சுற்றுப் பாடமும் நடந்து முடிந்துவிடும். அதில் சேரத் தகுதி இராது. அடுத்த வாய்ப்பு 2020 வசந்தம். அதாவது, உண்மையில் அவர் மின்சுற்று படித்த அதே செமஸ்டர். ஓராண்டு தொழில்நுட்பப் படிப்பை முழுவதுமாக நீக்கினாலும் சங்கிலியின் கடைசிக் கண்ணி அசையவில்லை.

அசைத்திருக்கக்கூடியது ஒன்றே: பள்ளி முடிந்த 2017 கோடையில் முன்நுண்கணிதத்தை முடித்திருப்பது. அப்படிச் செய்து, முதல் இலையுதிரிலேயே நுண்கணிதத்தில் உட்கார்ந்திருந்தால், ஒவ்வொரு கண்ணியும் ஓராண்டு முன்னே வந்திருக்கும். 2019 வசந்தத்தில் மின்சுற்று, அந்த இலையுதிரில் பல்கலைக்கழகம். நுண்கணிதம் ஒன்றோடு பி.எல்.சி.யும் நியூமேட்டிக்ஸும் கூடப் படித்திருக்கலாம். அவர் எடுத்த பாடங்கள் அவருடைய ஓராண்டைத் தின்னவில்லை. எடுக்காமல் விட்ட ஒரு கணிதப் பாடம் தின்றது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, மெக்கட்ரானிக்ஸ் பற்றிக் கேட்கும் பெற்றோரிடம் தொழில்நுட்பப் பிரிவைத் தவிர்க்கச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.

ஈடு இல்லை என்ற வரி

கூடுதலான இரண்டாவது ஆண்டு இதைவிட அமைதியாகக் கைநழுவியது. அசிஸ்ட் பட்டியலில் டிஜிட்டல் லாஜிக் பாடத்துக்கு எதிரே, ஈடான பாடம் இல்லை என்று இருந்தது. அவருடைய கல்லூரி அதை நடத்தவில்லை. நடத்தாத பாடத்தைப் படித்திருக்க வேண்டிய தேவையில்லை என்று அவர் அதைப் புரிந்துகொண்டார். சேர்க்கைக்கு அது தடையில்லை என்பதால் கல்லூரி ஆலோசகரும் அப்படியே சொன்னார். சேர்க்கையைப் பொறுத்தவரை அது சரிதான், சிக்கோ அவரை ஏற்றுக்கொண்டது.

ஆனால் பட்டம் வேறொரு கணக்கு. டிஜிட்டல் லாஜிக் முடிந்தால்தான் மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிறு கட்டுப்பாட்டுச் சில்லைக் கருவிகளுக்குள் பொருத்தி நிரலாக்கும் எம்பெடட் பாடம். அது முடிந்தால்தான் சென்சார், மோட்டார், கணினி மூன்றையும் சேர்த்து வடிவமைக்கும் மேல்நிலைப் பாடங்கள். அவற்றின் பிறகே இரண்டு செமஸ்டர் நீளும் இறுதித் திட்டப்பணி. மெக்கட்ரானிக்ஸில் இந்த வரிசை இயந்திரவியல் மாணவர்களுக்கு இல்லாத ஒரு சுமை. இயந்திரவியல் சங்கிலி, மின்னியல் சங்கிலி, நிரலாக்கச் சங்கிலி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் மூன்றாம் ஆண்டின் வாசலுக்கு வந்து சேர வேண்டும். மூன்றில் ஒன்று பின்தங்கினால் மற்ற இரண்டும் காத்திருக்கும். அவர் டிஜிட்டல் லாஜிக்கை 2020 இலையுதிரில் சிக்கோவில் தொடங்கினார், இறுதித் திட்டப்பணி 2022 இலையுதிருக்குத் தள்ளிப்போயிற்று. நிரலாக்கத்திலும் ஒரு சிறு இடைவெளி இருந்தது: கல்லூரியில் அவர் படித்தது பைத்தான் மொழி, எம்பெடட் பாடத்துக்குத் தேவைப்பட்டது சி மொழி. அதை அவர் ஒரு குளிர்கால விடுமுறையில் தானே படித்துச் சரிசெய்துகொண்டார்.

அவர் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள வேறொரு சமூகக் கல்லூரி டிஜிட்டல் லாஜிக்கை நடத்திவந்தது. அசிஸ்டில் கல்லூரியின் பெயரை மாற்றிப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும். கலிபோர்னியாவில் ஒரே நேரத்தில் இரண்டு சமூகக் கல்லூரிகளில் பாடம் எடுக்கத் தடையில்லை. யூனிட் கட்டணமும் அதே 46 டாலர்தான். தன் கல்லூரிக்கான பட்டியலை மட்டும் பார்ப்பவர்கள் இந்த வாய்ப்பைக் காண்பதே இல்லை, ஏனெனில் ஒவ்வொரு கல்லூரியின் ஆலோசகரும் தன் கல்லூரியின் பாடங்களை மட்டுமே கையில் வைத்துப் பேசுகிறார்.

பெருந்தொற்றுக் காலம்

2020 மார்ச் நடுவில் மின்சுற்று ஆய்வகம் மூடப்பட்டது. ஆசிரியர், சுற்றுகளைப் பற்றவைக்காமல் அமைக்க உதவும் பிரெட்போர்டும் உதிரிப் பாகங்களும் அடங்கிய பெட்டிகளை மாணவர்களுக்கு அனுப்பினார். மின்னலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் வேலைகள் கணினி உருவகத்துக்கு மாறின. மாநிலப் பல்கலைக்கழகங்கள் 2020 இலையுதிர் வகுப்புகளைப் பெரும்பாலும் இணையவழியில் நடத்தும் என்று அந்த மே மாதமே அறிவித்தன. ஆகவே சிக்கோவில் அவருடைய முதல் செமஸ்டர் வீட்டிலேயே கழிந்தது. புதிய இடத்தில் நண்பர் குழு இல்லாமல் மூன்றாம் ஆண்டுப் பாடங்களைத் தொடங்கியது கடினம் என்று அவர் சொல்கிறார். அந்தக் காலத்தில் வார இறுதி வேலை அவருக்குப் பெரிய ஊன்றுகோலாக இருந்தது. தொழில்நுட்பப் பாடங்கள் தந்த தகுதியால் 2018 கோடையிலிருந்தே ஓர் உணவு ஆலையில் பராமரிப்பு உதவியாளராக அவர் வேலை செய்துவந்தார். உணவு ஆலை என்பதால் தொற்றுக்காலத்திலும் அது மூடப்படவில்லை.

கைக்குத் தெரிந்ததும் கணக்குக்குத் தெரிந்ததும்

அந்த வேலையும் அந்த 24 யூனிட்டும் அவருக்கு என்ன தந்தன என்பதைக் கட்டுப்பாட்டியல் பாடத்தில் தெளிவாகப் பார்த்தேன். ஆலையில் நீராவியால் சூடேறும் பெரிய கொப்பரைகளின் வெப்பநிலையை, இலக்குக்கும் உண்மை அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத் திருத்தும் பி.ஐ.டி. கட்டுப்பாட்டுக் கருவி ஒழுங்குபடுத்துகிறது. அந்த வித்தியாசத்துக்கு அது எவ்வளவு வலுவாகப் பதிலளிக்கிறது என்பதைக் குறிக்கும் விகிதப் பெருக்கத்தைக் கூட்டினால் வெப்பநிலை விரைவாக இலக்கை அடையும். மேலும் கூட்டினால் இலக்கைத் தாண்டி மேலும் கீழும் ஊசலாடும். சேர்ந்துவந்த பிழையைத் திருத்தும் தொகையீட்டுப் பகுதியை அதிகமாக்கினால் ஊசலாட்டம் அடங்கவே நேரமாகும். பராமரிப்புப் பணியாளர்கள் இதை அனுபவத்தால் அறிவார்கள். ஊசலாட்டம் தொடங்கும் புள்ளியைக் கண்டு அதிலிருந்து பின்வாங்கும் முறையை ஸீக்லர், நிக்கல்ஸ் என்ற இரு பொறியாளர்கள் 1942-ல் வெளியிட்டார்கள். தொழில்நுட்பப் பாடத்தில் அவர் அதைத்தான் கற்றிருந்தார்.

சிக்கோவில் அதே கருவி, வகைக்கெழுச் சமன்பாடுகளை இயற்கணிதமாக்கும் லாப்லாஸ் உருமாற்றத்தோடு வந்தது. பெருக்கத்தைக் கூட்டும்போது அமைப்பின் நடத்தையைத் தீர்மானிக்கும் துருவங்கள் என்ற புள்ளிகள் சிக்கலெண் தளத்தில் எப்படி நகர்கின்றன, எந்த இடத்தில் அவை கற்பனை அச்சைக் கடக்கின்றன, கடக்கும் அந்தப் புள்ளியே ஆலையில் அவர் கண்ணால் பார்த்த ஊசலாட்டம் என்பதை ஒரே வரைபடத்தில் கண்டார். வகுப்பில் பலருக்கு அது ஒரு கணக்கு. அவருக்கு நீராவி வால்வு திறந்து மூடும் ஓசையோடு சேர்ந்த கணக்கு. அதேபோல, ஆய்வகத்தில் சென்சார் தவறான சைகை தந்தபோது மற்றவர்கள் நிரலைத் திருத்திக்கொண்டிருக்க, அவர் முதலில் தரையிணைப்பைச் சோதித்தார். இறுதித் திட்டப்பணிக் குழுவில் மின் இணைப்புப் பெட்டியை முழுவதும் அவரிடமே ஒப்படைத்தார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பழுது கண்டுபிடிக்கும் பயிற்சி, இயங்கும் அமைப்பை ஏற்றுக்கொண்டு அதில் குறை தேடக் கற்பிக்கிறது. வடிவமைப்பு, இல்லாத ஒன்றைக் கணக்கிட்டு உருவாக்கச் சொல்கிறது. பொருள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் இயங்கியல் பாடத்தில் அவர் மிகவும் திணறினார். செய்து பார்த்துத் திருத்தலாம் என்ற பழக்கம் அங்கே உதவவில்லை. ஒரு செமஸ்டர் முழுவதும் பேராசிரியரின் அலுவலக நேரத்துக்குத் தவறாமல் போய்த்தான் அதைக் கடந்தார்.

பணமும் வரம்புகளும்

சமூகக் கல்லூரியில் அவர் எடுத்த மொத்தம் 88 யூனிட்; தள்ளுபடி இல்லாமல் கணக்கிட்டால் 4,048 டாலர். சிக்கோவில் அவர் படித்த மூன்று ஆண்டுகளிலும் மாநிலப் பல்கலைக்கழக அடிப்படைக் கட்டணம் ஆண்டுக்கு 5,742 டாலர், வளாகக் கட்டணங்கள் தனி. கூடுதல் ஆண்டின் உண்மையான செலவு இதைவிட அதிகம், ஏனென்றால் பொறியாளர் ஊதியம் ஓராண்டு தள்ளிப்போனதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பலர் கவனிக்காத வரம்புகள் இரண்டு. கூட்டரசின் நிதியுதவி பெறும் மாணவர், தன் பட்டத்துக்கான யூனிட்டில் 150 விழுக்காட்டுக்குள் படிப்பை முடிக்க வேண்டும். 60 யூனிட் பட்டத்துக்கு அது 90. அவர் 88-ல் நின்றார். இன்னொரு பாடம் தேவைப்பட்டிருந்தால் மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்திருக்கும். அடுத்து, வருமானம் குறைந்த மாணவர்களுக்குக் கூட்டரசு தரும் பெல் உதவித்தொகை வாழ்நாளில் முழுநேரப் படிப்பாக 12 செமஸ்டருக்கு மட்டுமே. ஆறு ஆண்டுகளின் முடிவில் அவர் அதைக் கிட்டத்தட்ட முழுவதும் தீர்த்திருந்தார். சமூகக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு என்பதால் அங்கே கூடுதலாக ஓராண்டு இருந்தால் என்ன என்று நினைப்பவர்கள், அந்த ஆண்டு பல்கலைக்கழகத்தின் கடைசி ஆண்டுக்கான உதவியிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

மாற்றவேண்டியவை

இந்தக் கல்லூரியின் தொழில்நுட்பப் பிரிவும் கணித, அறிவியல் பிரிவும் ஒரே வளாகத்தில் இருந்தும் தனித்தனி ஆலோசகர்களோடு இயங்கின. தொழில்நுட்பப் பிரிவில் சேரும் 18 வயது மாணவரிடம், நான்காண்டுப் பொறியியல் பட்டம் உன் திட்டத்தில் இருக்கிறதா என்று முதல் வாரத்தில் யாராவது கேட்டு, ஆம் என்றால் உடனே கணிதத்தில் சேர்த்துவிட்டால் போதும். புதிய பாடத்திட்டமோ கூடுதல் நிதியோ தேவையில்லை. இரண்டாவதாக, ஈடு இல்லை என்று பட்டியலில் வரும் இடங்களில், அந்தப் பாடம் எந்தப் பக்கத்துக் கல்லூரியில் கிடைக்கும் என்பதை ஆலோசகர்கள் எழுத்தில் தர வேண்டும்.

ஏற்கெனவே தொழில்நுட்பப் பட்டம் முடித்து, மீண்டும் முன்நுண்கணிதத்திலிருந்து தொடங்க இயலாதவர்களுக்கு வேறு வழி உண்டு. பொறியியல் தொழில்நுட்பம் என்ற பெயரில் நடக்கும் நான்காண்டுப் பட்டங்களுக்கு ஏபெட்டில் தனி ஆணையம் இருக்கிறது. அவற்றில் கணிதத்தின் ஆழம் குறைவு, செய்முறைக்கு இடம் அதிகம். பொமோனாவில் உள்ள பாலிடெக்னிக் மாநிலப் பல்கலைக்கழகம் மின்னியந்திர அமைப்புகளில் அத்தகைய பட்டம் தருகிறது. தொழிற்சாலை வேலைக்கு அது நல்ல பட்டம். ஆனால் பொறியாளர் உரிமம் பெறுவதற்குச் சில மாநிலங்களில் வழி நீளும் என்பதையும், பொறியியல் முதுநிலைச் சேர்க்கையில் கூடுதல் கணிதம் கேட்கப்படலாம் என்பதையும் தெரிந்துகொண்டு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவர் படித்த காலத்துக்குப் பிறகு விதிகள் சில மாறியிருக்கின்றன. 2022-ல் கலிபோர்னியா இயற்றிய சட்டத்தால், நுண்கணிதம் தேவைப்படும் பிரிவுகளின் மாணவர்களைத் தயாரிப்புப் பாடங்களில் நிறுத்திவைக்காமல், தேவையான துணை வகுப்போடு நுண்கணிதத்திலேயே சேர்ப்பது பொது நடைமுறையாகிறது. 2025 இலையுதிரிலிருந்து கலிபோர்னியா பல்கலைக்கழகம், மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஆகிய இரண்டு அமைப்புகளுக்கும் ஒரே பொதுக்கல்வித் திட்டம் வந்திருக்கிறது. பொதுக்கல்விப் பாடங்கள் எத்தனை, எவை என்ற குழப்பத்தை இது குறைக்கும். மின்சுற்றுப் பாடம் எந்தக் கல்லூரியில் எந்த செமஸ்டரில் நடக்கும் என்பதை இந்தச் சட்டங்கள் எதுவும் முடிவுசெய்வதில்லை. அதைப் பொறியியல் துறையிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த செமஸ்டரிலிருந்து பின்னோக்கி எண்ணி, முதல் கணிதப் பாடம் எந்தக் கோடையில் தொடங்க வேண்டும் என்பதைப் பள்ளி முடியும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும்.